இணையவழி வணிகமும் பொருளின் தோற்ற நாடும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

பொருளை விற்பவர் அதனைப்பற்றித் தாம் அறிந்தவற்றுள் எவ்வளவை வாங்குபவருக்கு உரைக்கக் கடமைப்பட்டவர் என்பது வணிக அறத்தின் பழமையான வினாக்களுள் ஒன்று. இணையவழி வணிகம் பெருகியுள்ள இக்காலத்தில் அவ்வினா புதியதொரு வடிவில் எழுந்துள்ளது. திரையில் காணும் ஒரு பொருள் எந்த நாட்டில் ஆக்கப்பெற்றது என்பதை, வாங்குபவர் விலை கொடுப்பதற்கு முன்பே அவருக்கு அறிவித்தல் வேண்டுமா? இந்தியச் சட்டம் இதற்கு ‘வேண்டும்’ என விடை கூறிவிட்டது. ஆயினும் சட்டம் கட்டளையிடுவதனாலேயே ஒன்று அறமாகிவிடுவதில்லை. அக்கட்டளைக்கு அடிப்படையான அறக்காரணம் யாது, அக்காரணம் எவ்வெல்லைவரை செல்லும், எவ்விடத்தில் அது வேறொன்றாகத் திரிகின்றது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பொருள் ஆக்கப்பெற்ற நாட்டைத் ‘தோற்ற நாடு’ என இக்கட்டுரை சுட்டுகின்றது.

சட்டம் கூறுவன

தோற்ற நாட்டைச் சரக்கின்மீது குறிக்கவேண்டும் என்னும் கோரிக்கை முதலில் வாங்குவோர் நலம் கருதி மட்டும் எழுந்ததன்று. 1887-இல் பிரித்தானியா இயற்றிய சரக்குக் குறிகள் சட்டம், செருமானியப் பொருள்கள் ஆங்கிலப் பொருள்கள்போல் விற்கப்படுவதைத் தடுக்க முனைந்தது. இதனை அடுத்து 1889-இல் இந்தியாவிலும் அத்தகைய சட்டமொன்று இயற்றப்பெற்றது. ஆனால் விளைவு எதிர்பார்த்தவாறு அமையவில்லை. ‘செருமனியில் செய்யப்பட்டது’ என்னும் தொடர் சில பத்தாண்டுகளிலேயே தரத்தின் சான்றாக மாறிற்று. இழிவு கருதி இடப்பட்ட குறி பெருமைக்குரியதாயிற்று என்னும் இவ்வரலாறு, தோற்ற நாடு என்னும் செய்தியின் பொருள் அதனைக் கேட்போர் மனத்தில்தான் முடிவாகின்றது என்பதனைக் காட்டுகின்றது.

இந்தியாவில் 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொதியப்பட்ட பண்டங்கள்) விதிகள் 2017-இல் திருத்தப்பெற்றன. இறக்குமதிப் பண்டத்தின் பொதியில் அது தோன்றிய, அல்லது ஆக்கப்பட்ட, அல்லது ஒன்றுசேர்க்கப்பட்ட நாட்டின் பெயர் இடம்பெறவேண்டும் என்றும், பொதியில் உள்ள இன்றியமையாத விவரங்கள் இணையப் பக்கத்திலும் இடம்பெறவேண்டும் என்றும் அத்திருத்தம் கூறியது. அது 2018 சனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. 2020 சூலையில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், விற்பனையாளர் தரவேண்டிய விவரங்களுள் தோற்ற நாட்டையும் சேர்த்தன. 2025 நவம்பரில் மைய அரசு வெளியிட்ட வரைவுத் திருத்தமோ, இறக்குமதிப் பண்டங்களைத் தோற்ற நாட்டின்வழித் தேடவும் வரிசைப்படுத்தவும் இணையதளங்கள் வசதி செய்தல் வேண்டும் என முன்மொழிந்தது.

இங்கு ஒன்று குறிப்பிடத்தக்கது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அறியும் உரிமையை வரையறுக்கும்போது தரம், அளவு, ஆற்றல், தூய்மை, செந்தரம், விலை ஆகியவற்றையே பெயர் சுட்டிக் கூறுகின்றது. தோற்ற நாடு அப்பட்டியலில் இல்லை. விதிகளின் வழியாகவே அது உள்ளே வருகின்றது. பட்டியலில் உள்ளவை அனைத்தும் பொருளையும் அதன் விலையையும் பற்றியவை. தோற்ற நாடோ பொருளின் பண்பன்று, அதன் வரலாறு. பண்பினை அறியும் உரிமை எளிதில் விளங்கும். வரலாற்றை அறியும் உரிமை எதனால் எழுகின்றது என்பதே ஆராயத்தக்கது.

பழந்தமிழ் நூல்களில் சரக்கும் குறியும்

காவிரிப்பூம்பட்டினத்தின் கடைத்தெருவைப் புனையும் பட்டினப்பாலை, அங்குக் குவிந்த பண்டங்களை அவை வந்த இடத்தோடு சேர்த்தே எண்ணுகின்றது. வடமலையின் மணியும் பொன்னும், குடமலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கை வளம், காவிரி வளம், ஈழத்து உணவு, காழகத்துப் பண்டம் எனப் பட்டியல் நீள்கின்றது. மலைபடு பொருள்களைக் குறிக்கும்போது புலவர் ‘பிறத்தல்’ என்னும் வினையையே ஆள்கின்றார். பொருளுக்குப் பிறப்பிடம் உண்டு என்னும் கருத்து தமிழ் மரபிற்குப் புதியதன்று என்பது இதனால் பெறப்படும்.

ஆனால் அந்நூலே கூறும் புலிப்பொறி தோற்ற நாட்டின் குறியன்று. அது சுங்கம் கொள்ளும் அரசின் காவற்குறி. சிலப்பதிகாரம் இந்திரவிழவூரெடுத்த காதையில் கூறும் கண்ணெழுத்தோ சரக்குப் பொதிக்கு உரியவரின் பெயரைக் குறிப்பது. ஒன்று அரசின் உரிமையையும் மற்றொன்று வணிகரின் உடைமையையும் காத்தன. வாங்குவோர்க்கு உரிய செய்தியைத் தாங்கிய குறி இவ்விரண்டிலும் இல்லை. அவரைக் காத்தது வணிகரின் நடுவுநிலை நெஞ்சமே. கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இன்றிப் பண்டங்களைக் கூறியே விற்பவர் என அவ்வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதலே வாணிகம் என்னும் குறளும் (120) நடுவுநிலைமை அதிகாரத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. ஆக, குறி இல்லாத இடத்தைச் சொல் நிரப்பிற்று. அச்சொல்லுக்கு வணிகரின் முகமும் ஊரறிந்த பெயரும் பிணையாக நின்றன. இணையவழி வணிகத்தில் இழக்கப்படுவது இப்பிணையே ஆகும்.

காட்சியும் உரையும்

அறிவைப் பெறும் வழிகளை அளவைகள் எனத் தமிழ் மெய்யியல் நூல்கள் வகுக்கின்றன. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை அளவைகளைப் பத்தாக விரிக்கின்றது. சிவஞான சித்தியார் அவற்றைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குகின்றது. இப்பகுப்பினை வணிகத்தின்மீது பொருத்திக் காணின் ஓர் உண்மை தெளிவாகும்.

கடைக்கு நேரில் செல்பவர் துணியைத் தொட்டு அறிவார். தானியத்தைக் கையில் அள்ளிப் பார்ப்பார். இவை காண்டல். கண்டவற்றைக் கொண்டு நெசவின் தரத்தையும் தானியத்தின் பழமையையும் உய்த்துணர்வார். இது கருதல். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மணிகளின் குற்றங்களை வகுத்துரைப்பது, கற்றுத் தேர்ந்த கண்ணுக்குக் குற்றம் புலப்படும் என்னும் நம்பிக்கையின் அடிப்படையிலேயே ஆகும். இணையப் பக்கத்தில் காண்டல் என்பது விற்பவர் தெரிந்தளித்த படமாகச் சுருங்கிவிடுகின்றது. அப்படமும் ஒருவகையில் விற்பவரின் உரையே. எனவே இணையவழி வாங்குபவர் ஏறத்தாழ முழுமையாக உரை அளவையை நம்பியே செயற்படுகின்றார்.

தோற்ற நாட்டைப் பொறுத்தவரை இந்நிலை இன்னும் கூர்மையடைகின்றது. குற்றம் கண்ணுக்குப் புலப்படலாம். பிறப்பிடம் பெரும்பாலும் புலப்படாது. அதனை நேரில் வாங்குபவரும் பொதியின்மீதுள்ள எழுத்தைக் கொண்டே அறிகின்றார். ஆனால் அவர் விலை கொடுக்குமுன் அவ்வெழுத்தைப் படிக்கின்றார். இணையத்தில் வாங்குபவர் விலை கொடுத்தபின், பொதி வீடு வந்துசேர்ந்த பிறகே படிக்கின்றார். முன்னவர்க்கு அது தெரிவுக்குத் துணை. பின்னவர்க்கு வெறும் தகவல். ஒரே சொல் காலம் தாழ்த்திச் சொல்லப்படுவதனால் பயனற்றுப் போகின்றது. உரை ஒன்றே அளவையாக எஞ்சும் இடத்தில் உரைப்பவரின் பொறுப்பு மிகுதல் இயல்பு. நம்பத்தக்கோர் உரையே அளவையாகும் என மரபு வரையறுத்தமையும் இது கருதியே.

மௌனமும் மறைப்பும்

‘தோற்ற நாட்டைச் சொல்லாமல் விடுதல் பொய்யன்று, கேட்டால் மறைப்பதே குற்றம்’ என ஒரு தடை எழுப்பப்படலாம். உரோமானிய அறிஞர் சிசரோ தம் கடமைகள் பற்றிய நூலில் இத்தடையை ஒரு கதையின்வழி ஆராய்கின்றார். பஞ்சத்தால் வாடும் ரோட்சு தீவிற்கு ஒரு வணிகர் அலெக்சாந்திரியாவிலிருந்து தானியம் கொண்டு வருகின்றார். வேறு பல தானியக் கப்பல்களும் பின்னால் வருவதை அவர் அறிவார். அதனைச் சொன்னால் விலை குறையும். சொல்லவேண்டுமா? சட்டம் கேட்கும் அளவு குறைகளைச் சொன்னால் போதும், மௌனம் வேறு மறைத்தல் வேறு என்பது பாபிலோனிய தியோசெனிசின் கருத்து. வாங்குபவர் அறியாதது எதுவும் எஞ்சக்கூடாது என்பது அவர் மாணவர் ஆண்டிபேட்டரின் கருத்து. சிசரோ இரண்டாவதன் பக்கம் நிற்கின்றார். தாம் அறிந்த ஒன்றை, அறிவதில் நலமுடைய பிறர் அறியாதிருக்கவேண்டும் எனத் தம் ஆதாயத்திற்காக விரும்புதலே மறைத்தல் என்பது அவர் தரும் விளக்கம்.

இவ்விளக்கம் இன்றைய நிலைக்கு நன்கு பொருந்துகின்றது. இறக்குமதியாகும் சரக்கின் சுங்க ஆவணத்தில் அதன் தோற்ற நாடு குறிக்கப்பெறுகின்றது. வணிக ஒப்பந்தத்தின்கீழ் வரிச்சலுகை கோருபவர் தோற்றத்திற்கான ஆதாரங்களைத் தம்மிடம் வைத்திருக்கவேண்டும் என 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சுங்க விதிகள் கூறுகின்றன. ஆக, செய்தி துறைமுகத்திலேயே உள்ளது, இறக்குமதியாளர் அறிவார், அரசு அறியும். விலை கொடுப்பவர் மட்டுமே அறியார். ஒரு செய்தி வழியில் ஓரிடத்தில் மட்டும் தொலைந்துபோவதும், அத்தொலைவு ஒருவர்க்கு ஆதாயமாக அமைவதும் தற்செயல் ஆகா. இதனை மௌனம் எனக் கொள்ளுதல் அரிது.

சொற்களின்வழி நிகழும் மறைப்பும் உண்டு. ‘இன்ன நாட்டுத் தொழில்நுட்பம்’, ‘இன்ன நகரில் வடிவமைக்கப்பட்டது’, ‘இன்ன ஊர்ப் பாணி’ என்னும் தொடர்கள் தனித்தனியே நோக்கின் பொய்யல்ல. எனினும் கேட்போர் மனத்தில் ஆக்கப்பட்ட இடம் என்னும் பொருளைத் தோற்றுவித்தலே அவற்றின் பயன். சொல் மெய்யாக இருக்க, அது விளைக்கும் அறிவு பொய்யாகின்றது. திருவள்ளுவர் வாய்மையைச் சொல்லின் நேர்மையால் மட்டும் அளவாது, அது பிறர்க்கு விளைக்கும் தீமையின்மையால் அளந்தார் (291). அவ்வளவுகோலின்படி இத்தொடர்கள் வாய்மை ஆகா.

வாங்குவோர் பொறுப்பு

இதுகாறும் கூறியவை விற்போர் கடமை பற்றியன. வாங்குவோர் பக்கமும் ஆராயப்படுதல் வேண்டும். புலால் மறுத்தல் அதிகாரத்தில் திருவள்ளுவர் கூறும் ஒரு கருத்து இங்கு ஒளி தருகின்றது. தின்பதற்காக உலகம் கொள்ளாவிடின் விலைக்காக ஊன் தருவாரும் இலர் என்பது அக்கருத்து (256). கொன்றவர் வேறு, தின்பவர் வேறு எனப் பிரித்து வாங்குபவர் தப்பிக்க இயலாது என்பது இதன் உட்பொருள். விலை கொடுத்தல் என்பது செயலிலிருந்து விலகி நிற்றல் அன்று; செயலில் பங்கேற்றல்.

இவ்வாதத்தைப் பொதுமையாக்கின், ஆடை வாங்குபவர் அது தைக்கப்பட்ட முறையிலும் பங்குடையவர் ஆகின்றார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஊனை வாங்குபவர் அதன்பின் ஒரு கொலை இருப்பதை அறிவார். ஆடையின்பின் என்ன இருக்கின்றது என்பதை வாங்குபவர் அறியார். அறிய இயலாத ஒன்றிற்குப் பொறுப்பேற்கச் செய்தல் நேரிதன்று. ஆகவே, அறியும் வாய்ப்பைத் தருவது அவருக்கு உரிமை வழங்குவது மட்டுமன்று. பொறுப்பையும் அவர்மேல் ஏற்றுவதாகும்.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையும் ஒப்புக்கொள்ளப்படுதல் வேண்டும். விற்பவர் மறைப்பது மட்டுமே அறியாமைக்குக் காரணமன்று. மலிவான விலையின் பின்னணியை அறியாதிருத்தல் வாங்குபவர்க்கும் ஏந்தாகவே உள்ளது. ஒருவர் சொல்லாமலும் மற்றவர் கேளாமலும் நிகழும் இவ்வுடன்பாட்டில் ஏமாற்றப்படுபவர் வாங்குபவர் அல்லர். அவ்விருவர்க்கும் அப்பால் நின்று பொருளை ஆக்கியவரே.

ஆக்கியோர் உரிமை

தோற்ற நாடு பற்றிய உரையாடல்களில் பெரிதும் விடுபடுபவர் ஆக்கியோரே. ஒரு பொருளின் பிறப்பிடத்தை உரைத்தல் வாங்குபவர்க்குச் செலுத்தும் கடன் மட்டுமன்று; ஆக்கியவர்க்குச் செலுத்தும் கடனுமாகும். புவிசார் குறியீடு இக்கருத்தின்மேல் எழுந்தது. 1999-இல் இயற்றப்பெற்ற அச்சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தது. முதற்பதிவு 2004-இல் டார்சிலிங் தேயிலைக்குக் கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டும் பனாரசுப் பட்டும் பின்னர்ப் பதிவு பெற்றன. வாரணாசியின் கைத்தறியாளர் பல நாள் அமர்ந்து நெய்யும் புடைவையும், வேறிடத்தில் விசைத்தறி சில மணிநேரத்தில் தரும் புடைவையும் திரையில் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டும் ‘பனாரசு’ என்னும் ஒரே பெயரால் அழைக்கப்படும்போது வாங்குபவர் இழப்பது பணம். நெசவாளர் இழப்பதோ தம் உழைப்பின் பெயர்.

புவிசார் குறியீட்டில் ஊர்ப்பெயர் மதிப்பாகக் கொள்ளப்படுகின்றது. தோற்ற நாட்டுக் குறிப்பிலோ நாட்டுப்பெயர் பல வேளைகளில் ஐயமாகக் கொள்ளப்படுகின்றது. ஒரே வகைச் செய்திக்கு இவ்விரு மதிப்பு எவ்வாறு அமைந்தது? முன்னதில் பெயருக்குப் பின்னால் ஆக்கிய மக்கள் தெரிகின்றனர். பின்னதில் ஓர் அரசு மட்டுமே தெரிகின்றது. இவ்வேறுபாடு பின்வரும் ஆய்விற்கு இன்றியமையாதது.

ஒரு நாடா, பல நாடுகளா?

தோற்ற நாடு என ஒன்றைச் சுட்ட இயலுமா என்னும் தடையும் உண்டு. 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் தோற்ற விதிகள் உடன்படிக்கை, பல நாடுகளில் உருவாகும் பொருளுக்கு, இறுதியாக அடிப்படை மாற்றம் நிகழ்ந்த நாட்டையே தோற்ற நாடாகக் கொள்ளும் நெறியை முன்வைத்தது. எல்லா நாடுகளுக்கும் பொதுவான விதிகளை மூன்றாண்டில் வகுக்கத் திட்டமிட்டும் அப்பணி நிறைவேறவில்லை. சிங், டெட்டர்ட் ஆகிய இருவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, 178.96 டாலர் ஆக்கச் செலவுடைய ஒரு கைப்பேசியில் சீனத்தில் நிகழ்ந்த ஒன்றுசேர்ப்பின் பங்கு 6.50 டாலர் மட்டுமே எனக் கணக்கிட்டது. எஞ்சிய உறுப்புகள் சப்பான், கொரியா, செருமனி, அமெரிக்கா முதலிய நாடுகளினின்று வந்தவை. ஆயினும் அது சீனப் பொருளாகவே கணக்கில் ஏறியது.

இந்திய விதியும் தோற்றம், ஆக்கம், ஒன்றுசேர்ப்பு ஆகிய மூன்றையும் ‘அல்லது’ என்னும் சொல்லால் இணைக்கின்றது. விற்பவர் தமக்கு ஏற்றதைத் தெரிந்துகொள்ள அச்சொல் இடம் தருகின்றது. எனினும், முழுமையாகச் சொல்ல இயலாமை ஒன்றும் சொல்லாமைக்குக் காரணமாகாது. ஒன்றுசேர்த்த நாடு, முதன்மை உறுப்பின் நாடு எனப் பிரித்துரைத்தல் இயலக்கூடியதே. ‘ஒரு நாட்டில் வடிவமைத்து மற்றொரு நாட்டில் ஒன்றுசேர்க்கப்பட்டது’ எனத் தம் பொருளின்மேல் பொறிக்கும் நிறுவனங்கள் இதனை மெய்ப்பித்துள்ளன. எனவே இத்தடை, குறிப்பைக் கைவிடுவதற்கு அன்றி, அதனைத் திருத்தமாக்குவதற்கே காரணமாகும்.

அறிவித்தலும் வெறுத்தலும்

எஞ்சி நிற்பது மிக வலிய தடை. தோற்ற நாட்டை உரைத்தல் வாங்குவோரிடம் உள்ள வெறுப்பிற்குக் கருவியாகாதா? இந்திய நடைமுறையில் இவ்வையம் அடிப்படையற்றதன்று. 2020 சூன் 15-இல் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நிகழ்ந்தது. அரசுத் துறைகள் பொருள் வாங்கும் அரசு மின்சந்தையில் தோற்ற நாட்டைக் குறித்தல் கட்டாயம் என்னும் அறிவிப்பு அடுத்த சில நாள்களில், சூன் 23-இல் வெளியாயிற்று. நுகர்வோர் அறிவும் நாட்டுச் சினமும் ஒரே விதியில் கலந்து நின்றன.

இக்கலப்பினைப் பிரித்தறியக் காந்தியடிகளின் சுதேசிக் கருத்து துணைசெய்யும். 1916 பிப்ரவரியில் சென்னையில் ஆற்றிய உரையில், அண்மையில் உள்ளோர்க்குத் தொண்டாற்றும் உணர்வாகவே சுதேசியை அவர் விளக்கினார். 1925-இல் எழுதும்போது, அறுவைக் கருவிகளை இங்கிலாந்திலிருந்தும் கடிகாரங்களை சுவிட்சர்லாந்திலிருந்தும் தாம் வாங்குவதாகவும், அயல்நாட்டுத் துணியை மட்டும் வாங்குவதில்லை எனவும் குறித்தார். துணியை மறுத்தமைக்குக் காரணம் அது அயலார் செய்தது என்பதன்று. அது இந்திய நூற்பாளரையும் நெசவாளரையும் வறுமையில் தள்ளியது என்பதே. அவரது மறுப்பு நாட்டின் பெயரைக் கண்டு எழவில்லை. விளைவைக் கண்டு எழுந்தது.

இதற்கு மறுதலையான சான்று வங்கதேசத்தின் ராணா பிளாசா நிகழ்வு. 2013 ஏப்ரல் 24-இல் அக்கட்டடம் இடிந்து வீழ்ந்தபோது 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அங்குத் தைக்கப்பட்ட ஆடைகளில் நாட்டின் பெயர் முறையாகவே இருந்தது. அப்பெயர் ஒருவரையும் காக்கவில்லை. அந்நாட்டு ஆடைகள் அனைத்தையும் வாங்குவோர் புறக்கணித்திருப்பின், உயிர் தப்பிய தொழிலாளரும் வேலையிழந்திருப்பர். அவ்வாண்டே நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தம் தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாக ஆய்வு செய்யும் முறையை ஏற்றது. நாட்டுப்பெயரைவிட ஆலைப்பெயரே அறத்திற்குப் பயன்பட்டது என்பது இதனால் விளங்கும்.

மெய்யியலாளர் ஓனோரா ஓநீல் 2002-இல் நிகழ்த்திய வானொலிச் சொற்பொழிவுகளில், தகவல் பெருகுவதனால் மட்டும் நம்பிக்கை வளர்வதில்லை, ஏமாற்றுதல் குறையவேண்டும் என வாதிட்டார். தேடல் வசதி பற்றிய முன்மொழிவுகளும் இக்கண்கொண்டு நோக்கத்தக்கன. 2021 சூனில் வெளியான மின்வணிக விதிகளின் திருத்த வரைவு, இறக்குமதிப் பொருளைக் காண்பவர்க்கு உள்நாட்டு மாற்றுகளையும் பரிந்துரைக்கவேண்டும் என்றது. தோற்ற நாட்டைக் கூறுதல் அறிவித்தல். மாற்றுப் பொருளை முன்னிறுத்தல் வழிநடத்தல். இரண்டாவது நாட்டுப் பொருளியல் நலன்கருதி நியாயப்படுத்தப்படலாம். ஆனால் அதனை வாங்குபவரின் அறியும் உரிமை என்னும் பெயரால் நியாயப்படுத்துதல், ‘பாணி’ என்னும் சொல் செய்யும் செயலையே மற்றொரு வகையில் செய்வதாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. இணையவழி வணிகத்தில் வாங்குபவர் உரை அளவை ஒன்றையே நம்பி நிற்பதனால், தோற்ற நாட்டை விலைக்கு முன்பே உரைத்தல் விற்பவர்க்கு விதிவழிக் கடமை மட்டுமன்றி வாய்மைக் கடமையுமாகும். அறிந்த செய்தியை ஆதாயம் கருதிச் சொல்லாமல் விடுதல் மௌனமன்று, மறைப்பு. இவ்வறிவிப்பு வாங்குபவர்க்கு உரிமையைத் தருவதோடு பொறுப்பையும் தருகின்றது. ஆக்கியவர்க்கு உரிய பெயரையும் மீட்டளிக்கின்றது.

அதே வேளையில், நாட்டின் பெயர் அறத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று. அது ஆக்கிய மனிதரை நோக்கி இட்டுச்செல்லும்போது வாய்மையாகின்றது. அம்மனிதரை மறைத்து ஓர் அரசின்மேலுள்ள சினத்தை மட்டும் எழுப்பும்போது மெய்யான சொல்லும் மறைப்பாகிவிடுகின்றது. ‘இது எந்த நாட்டுப் பொருள்’ என்னும் வினாவைக் கேட்கும் உரிமையைச் சட்டம் அளித்துள்ளது. ‘இதனை ஆக்கியவர் எவ்வாறு வாழ்கின்றார்’ என்னும் அடுத்த வினாவை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்த இயலாது. அதனைக் கேட்பதும் கேளாமல் விடுவதும் வாங்குவோர் நெஞ்சத்தைப் பொறுத்தனவே.